கைப்பைக்குள் அடங்குகிற கமரா

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்னக் கமரா. இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாட்டுப் பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில் கைப்பைக்குள் அது கிடக்க வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம் இருக்க வேண்டும். பட்டனை அமர்த்தியதும் விழித்துக்கொள்ள வேண்டும், சத்தம் போடக் கூடாது. அவ்வளவுதான். பொன்னா கேட்டேன், வைரமா கேட்டேன்?

என் பெயர் நஸ்ரியா. வீடு கிண்ணியாவில், வேலை பார்க்கிற கந்தோர் திருகோணமலை நகரத்தில். வயது நாற்பத்திமூன்று. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போகிறேன், பின்னேரம் அதே வழியால் வருகிறேன். படம் பிடிப்பது என் பைத்தியம், என் தொழில் இல்லை. இதில் முதல் பாதியைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் பின் பாதியைக் காதிலேயே வாங்குவதில்லை.

"போன் இருக்கே!" இது எல்லாரும் சொல்வது. போன் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறுகிறார். நான் போனைத் தூக்குகிறேன். அந்த நிமிடம் பார்த்து என் வீட்டுக்காரர் ஜெமீல் கோல் எடுத்து, "வரக்குள்ள ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வாங்க" என்கிறார். தேங்காயைப் பற்றிப் பேசி முடிக்கும்போது வலையும் இல்லை, ஆளும் இல்லை, பஸ் சந்தியில் நிற்கிறது. போன் ஊர்ச் சொத்து. யார் வேண்டுமென்றாலும் அதற்குள் வந்து கூப்பிடலாம்.

எனக்கு எது வேண்டும் என்று தெரிந்தது என் கந்தோர்ச் சிநேகிதி பிரசாந்தினியால். அவளுடைய தம்பி மதுசன் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறான், வங்கியில் வேலை. அவன் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போன ஒரு கிழமை அவனுடைய சின்னக் கமராவை அவள் எனக்கு இரவல் தந்தாள். உள்ளங்கை அளவு, கறுப்பு நிறம், ஓரமெல்லாம் தேய்ந்து உள்ளே இருக்கும் பித்தளை தெரிந்தது. பெரிதாக்கவும் ஏலாது, சிறிதாக்கவும் ஏலாது. கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும். அந்த ஏழு நாளும் நான் ஏழு மணி பஸ்ஸுக்கு ஆறரைக்கே போய் நின்றேன், அவ்வளவு ஆசை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அன்னலட்சுமி அக்கா கச்சான் கடலை விற்கிறவர். நகரத்து மான்களுக்கு வெட்கம் மானம் கிடையாது, சந்தைக்குள்ளும் வரும், கடைக்குள்ளும் தலையை நீட்டும். ஒரு மான் வந்து அவருடைய கடதாசிப் பைகளை இழுத்துத் தின்னத் தொடங்கியது. அக்கா ஒரு கையில் சுளகைத் தூக்கி, வாயை முழுதாகத் திறந்து, அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசினார். நான் மூன்றடி தூரத்தில் நின்று ஒரே ஒரு படம் பிடித்தேன். பிறகு காட்டினேன். "அடியாத்தே, என்ர வாயைப் பார்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் படத்தைப் பார்த்த அன்று முடிவு எடுத்தேன், இது மாதிரி ஒன்று எனக்கு வேண்டும் என்று.

விலைக்குக் கேட்டதற்கு மதுசன் தரமாட்டேன் என்றான். பிறகு பிரதான வீதியில் றிஸ்கானின் கமராக் கடைக்குப் போனேன்.

"மகனுக்கா ராத்தா?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டான்.

"எனக்கு."

"உங்களுக்கு எண்டா போனே போதுமே."

மூன்று மாதத்தில் நான்கு தரம் போனேன். நான்காம் தரம், "அந்தச் சைஸ் இப்ப ஒருத்தரும் கேக்கிறதில்ல" என்றான். "நான் ஒருத்தி கேட்டுக்கொண்டு நிக்கிறனே, நான் ஆளில்லையா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை.

அப்போதுதான் றுவைஸ் நானா கட்டாரிலிருந்து வருவதாகச் சொன்னார். எனக்கு மூத்தவர், கூடப் பிறந்த ஒரே ஆண். பதினாறு வருடமாக அங்கே இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் லீவு. "உனக்கு என்ன கொண்டு வர, சொல்லு" என்றார். கமராவின் பெயரை எழுதி அனுப்பினேன். படம் அனுப்பினேன். குரலிலும் சொல்லி அனுப்பினேன். "நானா, சின்னது, சின்னது, சின்னது" என்று மூன்று தரம். அவர் கேட்டதற்கு அடையாளமாகப் போனில் இரண்டு நீலக் கோடும் விழுந்தன.

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியை உம்மாவின் முன்னால்தான் உடைக்க வேண்டும். எங்கள் உம்மா, ஆமினா உம்மா, என்னோடு இருக்கிறார். ஆகவே அந்தச் சனிக்கிழமை என் வீட்டு மண்டபத்தில் ஊரே கூடியது. சீனி கேட்டு வந்தவர்கள், சுகம் விசாரிக்க வந்தவர்கள், ஒரு சாட்டும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்கள், எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான். நானா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். தைலம், சவர்க்காரம், பால்மா, கம்பளி. கடைசியாக இரண்டு கையாலும் ஒரு பெட்டியைத் தூக்கி, "இது என்ட தங்கச்சிக்கு!" என்றார்.

சின்னதைத் தூக்க எதற்கு இரண்டு கை? திறந்தேன். உள்ளே ஒரு பெரிய கமரா. என் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். பிளாஷ், கழுத்துப் பட்டி, மூன்று கால் ஸ்டாண்ட். சின்னது அடியில் இருக்குமோ என்று பஞ்சுத் தட்டையும் தூக்கிப் பார்த்தேன். இல்லை.

"மாஷா அல்லாஹ், என்ன பெரிய சாமான்!" என்றார் பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தா.

நானாவின் மனைவி ரிப்கா மதினிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "பரீனா ராத்தா, இனி யோசிக்காதீங்க. வியாழக்கிழமை பொண்ணுட அறைக்குள்ள படம் பிடிக்க எங்கட நஸ்ரியா இருக்கா" என்றார்.

வியாழக்கிழமை பரீனா ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் படப்பிடிப்பாளர் வர ஏலாது, பெண்தான் வேண்டும். படம் பிடிக்கிற பெண்ணுக்கு எங்கே போவது என்பது எல்லா வீட்டிலும் உள்ள பிரச்சினை. அந்தப் பிரச்சினையை என் தலையில் கட்டி எல்லாரும் சிரித்தார்கள். ஜெமீல் அதற்கும் மேலே போனார். "பேஸ்புக்கில பேஜ் ஒண்டு போடுவம். நஸ்ரியா லேடீஸ் போட்டோ. எப்பிடிப் பேரு?" என்றார். பெயர் கூட வைத்தாகிவிட்டது! என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

நானாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசம். அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே பேசாமல் இருந்தது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காக முயன்று பார்க்காமலும் இல்லை. திங்களும் செவ்வாயும் அந்தப் பெரிய கமராவைத் தனிப் பையில் போட்டுச் சுமந்து போனேன். பஸ்ஸில் அதற்கு ஒரு இருக்கை வேண்டியிருந்தது. எடுத்துக் கண்ணில் வைத்ததும் இரண்டு பெண்கள் முந்தானையால் முகத்தை மூடினார்கள், ஒரு மனிசன் கொலரைச் சரி செய்தார், கொண்டக்டர் "எந்த டீவி?" என்று கேட்டார். அன்னலட்சுமி அக்காவிடம் போனேன். அவர் சுளகைக் கீழே வைத்தார், முகத்தைத் துடைத்தார், தலைமயிரைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தார், கையிரண்டையும் தொங்கவிட்டு மரம் மாதிரி நின்றார்.

"பேப்பரில போடுறதோ பிள்ளை? போடுறதெண்டா சொல்லும், நான் நல்ல சீலை ஒண்டு கட்டிக்கொண்டு வாறன்."

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. மான் கூட எட்டவே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கந்தோரில் அந்தப் பையை மேசையில் வைத்தபோது பிரசாந்தினி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கடவுளே! அக்கா, இதைக் கண்டால் மதுசன் விடமாட்டான். அவன் பறவைப் படம் பிடிக்க வேணுமெண்டு இப்பிடி ஒண்டுக்குத்தான் தவம் கிடக்கிறான்."

நான் பையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். "மாத்துவானா?" என்று கேட்டேன்.

"எதை?"

"அவன்ட சின்னதை."

அவள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாள். நினைக்கட்டும். ஆனால் அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் இடையில் இருக்கிறது, அதில் விளையாடக் கூடாது. மூதூரில் ஆதிலா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், இதையே தொழிலாகச் செய்கிறாள், நல்ல கெட்டிக்காரி. அவளுக்குக் கோல் எடுத்தேன். வியாழக்கிழமை ஓய்வு என்றாள். அன்று பின்னேரமே பரீனா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

"ராத்தா, நான் ஓம் எண்டு சொல்லல்ல. என்ட வாயை மதினி திறந்து பேசிட்டா. எனக்குக் கல்யாணப் படம் பிடிக்கத் தெரியாது, ஆசையும் இல்ல. ஆதிலாட்டக் கதைச்சிட்டன், அவ வருவா."

பரீனா ராத்தா கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அல்ஹம்துலில்லாஹ் புள்ள! நீ முதல் முதலா என்ட மகள்ட கல்யாணத்திலயா பழகப் போறாய் எண்டு நான் ரெண்டு நாளா நித்திரை இல்லாம இருந்தன். ரிப்காட மனசு நோகக் கூடாதெண்டுதான் பேசாம இருந்தனான்."

பார்த்தீர்களா? இவ்வளவு பேரும் ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இன்னொருவர் தலையில் கல்லைத் தூக்கி வைக்கிறார்கள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறினேன். மதுசன் முற்றத்துக்கே ஓடி வந்தான். பெட்டியைத் திறந்ததும் அவன் வாய் மூடவில்லை. ஆனால் பிள்ளை நேர்மையானவன்.

"அக்கா, இது சரிவராது. உங்களுக்குத்தான் பெரிய நட்டம். என்ர கமரா பழசு, பெற்றரியும் அரை நாள்தான் நிற்கும். வீட்டில ஏசுவினம், யோசிச்சுச் செய்யுங்கோ."

"ஏசுவாங்க. நீங்க அதைத் தாங்க தம்பி."

உள்ளே போய்க் கொண்டுவந்தான். கையில் வாங்கினேன். என் விரல் தானாகப் பட்டனில் போய் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே உள்துறைமுகம், ஒரு சாம்பல் நிறக் கப்பல், வேலிக் கம்பியில் யாரோ காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை. சட்டையைத்தான் படம் பிடித்தேன். மதுசன் தலையைச் சொறிந்துகொண்டு, லென்ஸை மட்டுமாவது வைத்துக்கொள்ளச் சொன்னான். வேண்டாம் என்றேன். அரை மனதாக எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

வீட்டுக்குப் போய் மறைக்கவும் இல்லை. பின்னேரம் அசர் தொழுகை முடிந்து எல்லாரும் என் வீட்டில்தான் இருந்தார்கள், நானா, மதினி, ஜெமீல், உம்மா. வியாழக்கிழமைக்கு என்ன சட்டை என்று கதை நடந்துகொண்டிருந்தது. மேசையில் கமராவை வைத்தேன்.

"நானா, பெரிசைக் குடுத்து இதை மாத்திட்டன். நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆதிலா வருவா. பரீனா ராத்தாக்கும் சொல்லிட்டன்."

நானா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். முதலில் மதினிதான் வாய் திறந்தார். "எதைக் குடுத்து எதை? இந்தக் குப்பைக்கா?" ஜெமீல் என்னைப் பார்த்த பார்வை, நான் வீட்டைக் கொளுத்திவிட்டு வந்தது போல இருந்தது. நானா எழும்பி வந்து கமராவைக் கையில் எடுத்தார். இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியும். அங்க கடையில இதே மாதிரிப் புதுசு இருந்திச்சு. கையில எடுத்தும் பாத்தனான்."

"கையில எடுத்தீங்களா?"

"எடுத்தன். எடுத்திட்டு வச்சிட்டன். பெட்டி உடைக்கக்குள்ள சனம் பாத்தா என்ன சொல்லும் புள்ள? பதினாறு வருசம் உழைச்சவன் தங்கச்சிக்கு விளையாட்டுச் சாமான் கொண்டந்திருக்கான் எண்டு சொல்லாதா?"

அவருக்கு விளங்கவில்லை, மறந்துபோனார், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றெல்லாம் நானே அவருக்காக நாலு நாள் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையில் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு வைத்திருக்கிறார்!

"அப்ப அது எனக்கு வாங்கினதில்ல, சனத்துக்கு வாங்கினது. சனம் பாத்தாச்சு. வேலை முடிஞ்சுது" என்றேன்.

"வாயைக் குறை."

"குறைக்க மாட்டன். நாலு நாள் குறைச்சுப் பாத்திட்டன். உங்கள்ட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டன், அதையும் பேர் எழுதி, படம் அனுப்பிக் கேட்டன். எனக்கு எது சரி எண்டு உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"சரி. நாளைக்கு விடிய நான் ஓர்ஸ் ஹில்லுக்குப் போறன். இதை அந்தப் பொடியன்ட மூஞ்சியில குடுத்திட்டு என்ட சாமானை எடுத்துக்கொண்டு வாறன்."

"நானும் வாறன் மச்சான்" என்றார் ஜெமீல்.

"நீங்க அங்கால இருங்க" என்றேன். ஜெமீல் இருந்துவிட்டார்.

நானா கமராவைத் தன் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அடங்கியிருக்கும், அவ்வளவு சின்னது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் றுவைஸ் நானாவின் கையை நான் அப்படிப் பிடித்ததில்லை. எனக்குச் சைக்கிள் பழக்கியவர், வாப்பா மௌத்தான பிறகு என் கல்யாணத்தைச் செய்து வைத்தவர். ஆனாலும் விரல் விரலாகப் பிரித்துக் கமராவை எடுத்தேன். அதன் தோல் வாரைக் கையில் மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இது என்ட" என்றேன்.

அவர் பின்னால் போய்க் குசினி வாசலில் நின்று, ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றி, மற்றக் கையை என்னை நோக்கி நீட்டிக் கத்தத் தொடங்கினார். நன்றி இல்லாதவள் என்றார். படித்த திமிர் என்றார். தான் அங்கே என்ன வெயிலில் நிற்கிறேன் என்று எங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவருடைய குரல் உடைந்தது. நான் கமராவைக் கண்ணில் வைத்து ஒரு படம் பிடித்தேன். சத்தம் வரவில்லை. அவர் இன்னும் இரண்டு வசனம் சொல்லிய பிறகுதான் கவனித்தார்.

"என்ன செஞ்ச நீ?"

"படம் பிடிச்சன்."

"என்னையா? இப்பவா?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். சாரத்தோடு ஒரு மனிதர் நின்றார். தலைக்குப் பூசிய மையின் அடியில் நரை எட்டிப் பார்த்தது. வெயில் தின்ற கழுத்து. கண்ணில் கோபம் இருந்தது, அதைவிடக் களைப்பு இருந்தது. மதினி எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உம்மா கமராவைத் தன் முகத்துக்குக் கிட்ட இழுத்துப் பார்த்தார்.

"எப்ப இவன் இப்பிடி நரைச்சவன்?" என்று உம்மா கேட்டார்.

"அழி" என்றார் நானா.

"மாட்டன்."

"நஸ்ரியா, மூத்தவன் சொல்றன். அழி."

"மாட்டன் நானா. பதினாறு வருசமா நீங்க அனுப்புற படமெல்லாம் எங்கள்ட்ட இருக்கி. கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆருட காருக்கோ பக்கத்தில நிண்டு சிரிக்கிறீங்க. உம்மா அதைப் பாத்திட்டு, மகன் சுகமா இருக்கான் எண்டு படுக்கப் போவா. அந்த ஆளை எனக்குத் தெரியாது. இவரைத் தெரியும். இவர் எனக்கு வேணும். நீங்க அடுத்த கிழமை பிளேன் ஏறிப் போயிருவீங்க, நான் இவரையும் அழிச்சிட்டு என்ன செய்ய?"

சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. ஜெமீல் ஏதோ சொல்லப் போனார், உம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

நானா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"எங்க, இன்னொருக்காக் காட்டு" என்றார்.

கொடுத்தேன். ஆனால் வாரை என் கையிலிருந்து கழற்றவில்லை.